கோடு ஆடினால் அமுக்கணும்

கண்ணில் பிரஷர் இருப்பதாக டாக்டர் சொன்னார் என்று வீட்டில் வந்து சொன்னேன். அன்று சாயங்காலமே என் மனைவி ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். பிரஷர் என்றால் உப்பு ஆகாது. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"இது வேற பிரஷரு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எந்தப் பிரஷரா இருந்தா என்னங்க, ஏத்திவிடுறது உப்புதானே" என்றாள்.

மேற்கொண்டு விளக்க எனக்குத் தெரியவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பேச்சும் அவ்வளவாக வராது. அன்றிலிருந்து வீட்டில் குழம்பு சப்பென்று ஆனது. வாயில் வைத்தால் வெந்நீர் குடித்ததுபோல் இருக்கும். பேசாமல் சாப்பிட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனதே படிக்கிற கண்ணாடி வாங்கத்தான். பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதானே என்று ஒரு லீவு நாளில் புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லிக் கண்ணில் காற்றை ஊதினார்கள். மறுபடி ஊதினார்கள். பிறகு "டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க" என்றார்கள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள தண்ணி மாதிரி ஒண்ணு ஊறிக்கிட்டே இருக்கும். அது வெளிய வடியிற வழி சரியா இல்லைன்னா உள்ள அழுத்தம் ஏறிடும். பின்னாடி இருக்கிற நரம்பு அதுல கொஞ்சம் கொஞ்சமா சாகும். வலிக்காது. க்ளாக்கோமான்னு சொல்வோம். போன பார்வை திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்."

இது எனக்கு உடனே புரிந்தது. துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஷெட்டில் எனக்கு வேலை. ஒரு பாத்திரத்தை வெல்டு செய்து முடித்ததும் வாய் எல்லாவற்றையும் அடைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். ஹைட்ரோ டெஸ்ட் என்று பேர். பலவீனமான வெல்டு எதுவோ அது கசியும். கண்ணும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஷெட்டில் இதைச் சொன்னதும் என் சிக்னல்காரன் சிரித்தான்.

"அப்ப உன் கண்ணுல ஹைட்ரோ போட்டிருக்காங்கன்னு சொல்லு. பாத்துக்க மாப்ள, லீக் ஆகுற எடத்துல சாக்பீஸால வட்டம் போட்டுருவாங்க."

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். லால்குடிப் பக்கத்துக்காரன். என் வயதுதான். நான் ஷெட்டில் கிரேன் ஓட்டுகிறவன், அவன் கீழே நின்று எனக்குக் கையால் சிக்னல் காட்டுகிறவன். பேர் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டதில்லை, மாப்ளதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சமயபுரம் போய் வந்துவிடுவான். அந்தக் குங்குமத்தை வாரம் முழுக்க நெற்றி நடுவில் பெரிதாக வைத்திருப்பான். மேலிருந்து பார்த்தால் மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே சிவப்பாகத் தெரியும்.

கிரேன் கேபின் கூரைக்குக் கொஞ்சம் கீழே தொங்கும். இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். தகரக் கூரையின் சூடு முதலில் எனக்குத்தான். கீழே வெல்டிங் செய்கிற புகை எல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடமும் அதுதான். இருந்தாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காரணம், மேலே யாரிடமும் பேச வேண்டியதில்லை. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்துவிட்டது என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவன் நான். என்னைப் போன்ற ஆளுக்குக் கையாலேயே பேசுகிற வேலை கிடைத்தது அதிர்ஷ்டம். விரலைச் சுற்றினால் ஏற்று. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. முஷ்டி என்றால் அப்படியே நில். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக் காட்டினால் எல்லாவற்றையும் நிறுத்தி வை, இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

கிரேன்காரனின் கண் ஒரு இடத்தில் நிற்கக் கூடாது. முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதுதான். ஹூக்கைப் பார், லோடைக் கட்டியிருக்கிற ஸ்லிங் வடத்தைப் பார், லோடின் இந்த முனை, அந்த முனை, கீழே நிற்கிற ஆள், மறுபடி ஹூக். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றையே பார்த்தால் மற்றொன்று ஆளை அடித்துவிடும். தொங்குகிற பொருள் கொஞ்சம் ஆட ஆரம்பித்தாலே பிடித்துவிட வேண்டும். "ஆடுதா?" என்று கீழிருந்து கேட்பார்கள். "ஆடல" என்று நான் தலையை அசைப்பேன். எங்கள் ஷெட்டில் ஒரு நாளில் அதிகமாகக் கேட்கிற வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

சொட்டு மருந்து ஆரம்பித்த பிறகு பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். இருட்டு அறை. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்க வேண்டும். அங்கங்கே புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு போயிருந்தேன். பாதியில் தூங்கிவிட்டேன். இன்னொரு நாள் போய் எடுத்தேன். அன்று தூங்கவில்லை, ஆனால் அதுவும் சரியில்லை என்றார்கள்.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணு ரொம்ப மோசமா இருக்கு. ஒண்ணு ரொம்ப நல்லா இருக்கு. ரெண்டையும் நம்ப முடியல. ஆனா நரம்பைப் பாத்தா எனக்குத் திருப்தியா இல்ல. என்ன வேலை பாக்குறீங்க?"

"கிரேன் ஓட்டுறேங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கீழ ஆளுங்க நிப்பாங்களா?"

"நிப்பாங்க சார்."

"அப்ப இது நமக்குச் சரியாத் தெரிஞ்சே ஆகணும்" என்றார்.

அப்போது எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது. நீளமான ஹெட்டர் குழாய் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன். என் கண் தூரத்து முனையில் இருந்தது. சிக்னல்காரன் பக்கத்து முனையில், கிட்டத்தட்ட என் கேபினுக்கு அடியில் நின்றான். குழாயின் கீழே கட்டை சரியாக வைக்கப்படவில்லை என்று முஷ்டியைக் காட்டியிருக்கிறான். நான் இறக்கிக்கொண்டே இருந்தேன். அவன் சத்தம் போட்டு, ஸ்பேனரால் இரும்பு ஸ்டாண்டில் அடித்த பிறகுதான் நிறுத்தினேன். அவன் பின்னால் குதித்துவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இறங்கி வந்ததும் அவன் திட்டினான். "என்ன மாப்ள, ஸ்ரீரங்கத்துக்காரன்னா பெருமாள் மாதிரி படுத்தேதான் இருக்கணுமா? மேல தூங்குறியா நீ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடி ஜன்னலில் வெயில் அடித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

டாக்டர் சொன்னார்: "இன்னொரு டெஸ்ட் இருக்கு. இங்க இப்பத்தான் செஞ்சு பாக்குறோம். வெளிச்சம் தெரியுதான்னு பாக்குறது இல்ல இது. அசைவு தெரியுதான்னு பாக்குறது. சில பேருக்கு மத்ததெல்லாம் குறையறதுக்கு முன்னாலயே அசைவைப் பிடிக்கிறது குறைஞ்சிடும். இருட்டு ரூம் வேணாம். நீங்க தூங்கவும் மாட்டீங்க."

கடைசியாகச் சொன்னதற்கு நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் போனேன். வெளிச்சமான சாதாரண அறை. மேஜை மேல் ஒரு லேப்டாப், முன்னால் நாற்காலி. டெஸ்ட் எடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கலாம். என் வலது கண்ணைப் பஞ்சு வைத்து மூடினாள். திரை முழுக்கச் சாம்பல் நிறம். அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளையாகச் சின்னச் சின்னக் கோடுகள் நெட்டுக்குத்தலாக நின்றன. நடுவில் ஒரு புள்ளி.

"நடுவுல பொட்டு இருக்குல்ல அண்ணா, அதையே பாருங்க. வேற எங்கயும் பாக்கக் கூடாது. சுத்தி இருக்கிற கோடுல ஏதாச்சும் ஒண்ணு லேசா ஆடும். ஆடினா மவுஸை அமுக்கணும். அவ்ளோதான்."

கோடு ஆடினால் அமுக்கணும். எனக்குச் சிரிப்பு வந்தது. வருஷக் கணக்காக நான் செய்கிற வேலையே அதுதானே. இதில் நான் தோற்கப் போவதில்லை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

அமுக்கினேன். நிறைய அமுக்கினேன். மேலே இடது பக்கக் கோடு ஆடியது, அமுக்கினேன். கீழே ஒன்று ஆடியது, அதையும் பிடித்தேன். ஒன்றையும் விடவில்லை என்றுதான் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, கண்ணு ஓடுது."

"இல்லம்மா, பொட்டைத்தான் பாக்குறேன்."

"இல்லண்ணா. நான் உங்க கண்ணையே பாத்துக்கிட்டு இருக்கேன். பொட்டு, கோடு, பொட்டு, கோடுன்னு ஊர் சுத்துது. நேரா போய்ப் பாத்தா எல்லாக் கோடும்தான் தெரியும். போய்ப் பாக்காம தெரியுதான்னுதான் பாக்கணும்."

எனக்கு விளங்கவில்லை. "ஒரு எடத்தையே பாத்துக்கிட்டிருந்தா ஆள் செத்துருவாம்மா" என்றேன். எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவள் பயப்படவில்லை. "இங்க யாரும் சாக மாட்டாங்கண்ணா. நீங்க பொட்டைப் பாருங்க."

இன்னொரு முறை முயன்றோம். முடியவில்லை. பொட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாலும் கண் தானாகப் போகிறது. ஓரத்தில் ஏதோ இருக்கும் என்று தோன்றியதுமே போய்விடுகிறது. கிண்ண டெஸ்டிலும் இதையேதான் செய்திருப்பேன் என்று அப்போதுதான் புரிந்தது. தூங்காத அன்று ரிப்போர்ட் நன்றாக வந்ததற்குக் காரணம் என் கண் நன்றாக இருந்தது அல்ல. ஓடி ஓடிப் பிடித்திருக்கிறது.

"வீட்ல பழகிட்டு வாங்க" என்றாள். "செவுத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அதையே பாத்துக்கிட்டு இருங்க. கண்ணைச் சிமிட்டலாம், நகத்தக் கூடாது. அடுத்த வாரம் பாக்கலாம்."

அம்மா மண்டபம் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. இரண்டு அறை. சுவரில் பொட்டு ஒட்டுவதற்கு என் மனைவி சம்மதிக்கவில்லை. வீட்டுக்காரம்மா வந்தால் சுண்ணாம்பு போய்விட்டது என்பாள் என்றாள். "என் நெத்தியில ஒண்ணு இருக்கே, அதைப் பாருங்க" என்று அரிசி பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னங்க இப்படி முறைக்கிறீங்க?"

"முறைக்கல. பழகுறேன்."

"கல்யாணம் பண்ணி இத்தனை வருஷமாச்சு. ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பீங்களா? டாக்டர் சொன்னாத்தான் பொண்டாட்டி மூஞ்சி தெரியும் போல."

அவள் சிரித்தாள். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. அவள் சொன்னது சரிதான். பெண் பார்க்கப் போன அன்று நான் காபி டம்ளரைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகும் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பழக்கமில்லை. அந்த வாரம் தினமும் சாயங்காலம் அவள் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் எதிரில் உட்கார்ந்து பொட்டைப் பார்த்தேன். நாலு நாள் போன பிறகு கண் கொஞ்சம் சொன்னபடி கேட்டது. களைப்பாக இருந்தது. ஷிப்ட் முழுக்க லோடு தூக்கினால்கூட அப்படிக் களைத்ததில்லை. கண்ணை ஓடவிடுவது சுலபம், பிடித்து வைத்திருப்பதுதான் கஷ்டம்.

மறுபடி புத்தூர். அதே அறை, அதே பெண். "பொட்டு" என்றாள். "பொட்டு" என்றேன். ஆரம்பித்தாள்.

இந்த முறை நகரவில்லை. என் மனைவியின் நெற்றி என்று நினைத்துக்கொண்டேன். மேலே ஒரு கோடு ஆடியது. அமுக்கினேன். வலது பக்கம் ஒன்று. அமுக்கினேன். மேலே மறுபடி ஒன்று. பிறகு எதுவும் ஆடவில்லை. காத்திருந்தேன். கோடுகள் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே நின்றன. கீழே இருக்கிற கோடுகளும் இருப்பதாகத்தான் தெரிந்தது, கறுப்பாகவோ மறைந்தோ எதுவும் இல்லை. ஆட்டம்தான் இல்லை. பக்கத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரொம்ப நேரம் ஆகிவிட்டது போலிருந்தது. பொதுவாக இப்படி எதையும் நானாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் கவனிக்கவில்லையோ என்று நினைத்து, பொட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

"அம்மா, மெஷின் நின்னுடுச்சு போல."



அவள் மெதுவாகச் சொன்னாள். "ஓடிக்கிட்டுத்தாண்ணா இருக்கு. நீங்க பாருங்க."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் மாறியதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது கண் கீழே ஓட எவ்வளவு பரபரத்தது என்று சொல்ல முடியாது. ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும், எந்தக் கோடு ஆடுகிறது என்று பிடித்துவிடலாம். போகவிடவில்லை. அன்று நான் செய்ததில் கஷ்டமானது அதுதான்.

வலது கண்ணையும் அப்படியே எடுத்தாள். அதில் பரவாயில்லை. கீழ்ப்பக்கம் மட்டும் சில கோடுகள் பிந்தித்தான் ஆடின. டாக்டர் இந்த ஒன்றை வைத்து முடிவு சொல்ல மாட்டேன் என்று, கண்ணைப் பிடித்து வைக்கப் பழகிவிட்டதால் அன்றைக்கே கிண்ண டெஸ்டையும் எடுக்கச் சொன்னார். அதுவும் அதே இடத்தைத்தான் காட்டியது. இந்தத் தடவை நம்பலாம் என்றார்.

"ரெண்டு கண்ணுலயும் கீழ்ப்பக்கம் போயிருக்கு. இடதுல நிறைய, வலதுல கொஞ்சம். நேரா பாக்குறது நல்லா இருக்கு. அதனாலதான் உங்களுக்கு எதுவும் தெரியல. கண்ணுக்குத் தெரியாத எடத்தை மூளை பக்கத்துல இருக்கிறதை வச்சு நிரப்பிடும். கோடு இருக்கும், ஆனா ஆடாது."

"கீழ்ப்பக்கமா சார்?"

"ஆமாங்க."

கிரேன்காரனுக்குக் கீழ்ப்பக்கம்தான் எல்லாமே. அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது.

"கம்பெனி செக்கப்புல இதைக் கண்டுபிடிக்க மாட்டாங்க. கடைசி வரி வரைக்கும் எழுத்தைப் படிச்சிடுவீங்க, பாஸ் பண்ணிடுவாங்க. நீங்களாத்தான் சொல்லணும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நான் வேணும்னா போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை அசைத்தேன். சரி என்று சொல்லியிருக்கலாம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தேன். உட்கார இடம் கிடைத்தது. பாலத்தில் போகும்போது வெளியே பார்த்தேன். காவிரியில் ஒரு ஓரமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் எப்போதும்போலத் தெரிந்தது. எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. குறை கண்ணில் பட்டால் ஆத்திரமாவது வரும், அழுகையாவது வரும். ஒன்றும் தெரியாமல் போனதற்கு என்ன செய்வது? சோர்வுதான் வந்தது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் எழுந்தேன். படியில் காலை வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்கினேன்.

மனைவியிடம் சொன்னேன். மெஷின் நின்றுவிட்டது என்று நான் சொன்னதையும் அந்தப் பெண் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"அப்ப உப்பு?" என்றாள்.

"டாக்டர்கிட்ட கேட்டேன். உப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையாம்."

"அதை அன்னிக்கே கேட்டுட்டு வர வேண்டியதுதானே? இவ்வளவு நாளா சும்மாவா சப்புன்னு தின்னீங்க?" என்று என்னைத் திட்டினாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஜாடியை இறக்கினாள். இறக்கிவிட்டு அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். அவள் அழுதது அப்போதுதான். "ஏறாதீங்க. வேற வேலை குடுத்தா குடுக்கட்டும். கீழ நின்னு சிக்னல் காட்டுற அந்த அண்ணனுக்கும் பொண்டாட்டி இருக்குல்ல" என்றாள்.

மறுநாள் காலை ஷிப்ட். ஏணிக்குக் கீழே போய் நின்றேன். ஏறவில்லை. என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். வாய்க்கு வரவில்லை. சிக்னல்காரன் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தான்.

"என்ன மாப்ள, நிக்கிற? ஏணியில பல்லி இருக்கா?"

நான் ஏணியைப் பிடித்தபடியே நின்றேன்.

"உன்னைத்தான் கேக்குறேன். பெருமாள் இன்னும் எந்திரிக்கலையா?"

"நான் உன் பொட்டைப் பாக்குறேன்" என்றேன்.

அவன் திகைத்து நின்றான். பிறகு பெரிதாகச் சிரித்தான். "டேய், என்னடா இது, காலைலயே! பொண்ணு பாக்குறவன் மாதிரி!" பக்கத்தில் ஸ்லிங் சுமந்து போனவர்களும் சிரித்தார்கள்.

"சிரிக்காத. நான் பொட்டையே பாக்குறேன். நீ கையைக் கீழ வச்சு சிக்னல் காட்டு. இடுப்புக்கிட்ட."

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, எதிரில் வந்து நின்றான். அவன் நெற்றிக் குங்குமத்தில் கண்ணை வைத்தேன். பழகின பழக்கத்தில் கண் நின்றது. அவன் முகம் தெரிந்தது. தோள் தெரிந்தது. கீழே அவன் உடம்பு இருந்தது, கையும் இருந்தது. அசையவில்லை. நின்றுகொண்டிருந்தது.

"என்ன காட்டுறேன், சொல்லு" என்றான்.

"காட்டு, சொல்றேன்."

"காட்டிக்கிட்டுத்தானடா இருக்கேன்."

அவன் சிரிப்பு நின்றது. நான் பொட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தான் போலிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் நெஞ்சுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு கை அசைந்தது. உள்ளங்கை கவிழ்ந்து ஆடியது.

"இப்ப ஆடுது" என்றேன்.

அவன் தன் கையையே பார்த்தான். பிறகு அண்ணாந்து கேபினைப் பார்த்தான்.

"ஹெட்டர் இறக்கினமே அன்னிக்கு" என்றான். "அன்னிக்கு நான் அடியில நின்னேன்ல."

"ஆமா."

"நான் வேற உன்னைத் தூங்குறியான்னு..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. அப்புறம் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து கோத்துக் காட்டினான். நெஞ்சுக்கு நேராகக் காட்டியதால் அது எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி வை. ஏணியைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

"சார்கிட்ட நான் சொல்லட்டுமா மாப்ள?"

"வேணாம். நானே சொல்றேன்."

போய்ச் சொன்னேன். சூப்பர்வைசர், "ஏன், காய்ச்சலா?" என்று கேட்டார். "இல்லைங்க, கண்ணு" என்றேன். அதற்கு மேல் பேச வராததால் சிக்னல்காரன் என் பின்னால் வந்து நின்று மிச்சத்தைச் சொன்னான். அவர் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. ஆள் மாற்ற வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலோடு போனை எடுத்தார். பக்கத்து ஷெட்டிலிருந்து வேறு ஒருவர் வந்து ஏணியில் ஏறினார்.

இப்போது நான் ஸ்லிங் அறையில் இருக்கிறேன். தூக்குகிற கம்பி வடங்களில் இழை அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற வேலை, கண் அதற்குத் தாங்கும். கண்ணாடியும் வாங்கிவிட்டேன். ஆட்கள் வந்து வந்து போகிறார்கள், பேச வேண்டியிருக்கிறது. அதுதான் சிரமம். மத்தியானம் சிக்னல்காரன் வந்து என் டப்பாவைத் திறந்து ஊறுகாயில் பாதியை எடுத்துக்கொள்வான். உப்பில்லாத நாட்களில் அவன் என் டப்பாவைத் தொட்டதே இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புத்தூர் போகிறேன். சொட்டு மருந்தில் பிரஷர் இறங்கியிருக்கிறது, மேற்கொண்டு போகவில்லை என்கிறார் டாக்டர். அந்தப் பெண்தான் டெஸ்ட் எடுக்கிறாள். பஞ்சை வைத்து ஒரு கண்ணை மூடிவிட்டு, "பொட்டு" என்கிறாள். உட்கார்ந்து பார்க்கிறேன். இவ்வளவு பழகிய பிறகும் கண் ஓடத்தான் பார்க்கிறது. கீழே கோடுகள் நிற்கின்றன. நிற்கவில்லை, ஆடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததற்காக அமுக்கக் கூடாது. கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.